கைராசியும் ஒரு தோள்துணியும்

லுவாங் பிரபாங்,
தேதியிட வெட்கமாக இருப்பதால், மழைக்காலத்தில் ஒரு நாள்.

என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கையும், ஒட்டரிசிச் சோற்றைக் கையில் ஒட்டாமல் உருட்டும் வித்தையை எனக்குப் பழக்கியவருமான பெங்தா சித்தி அவர்களுக்கு, அக்கா மகள் சந்தமாலி இரு கைகளையும் நெற்றிவரை குவித்து எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா, அப்பா, பூனை மூவரும் நலம். நானும் நலம் என்று எழுதினால் முதல் பத்தியிலேயே பொய் சொன்னவளாவேன். தாங்கள் நலமாக இருப்பதை நேற்று மாலை சந்தையில் சில கடைகள் தள்ளி, ஒரு பெரிய காகித விளக்கின் பின்னால் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். இருமல் குறைந்திருக்கிறது. புதுச் செருப்பு பொருத்தமாக இருக்கிறது. மறைந்து நின்று நலம் விசாரித்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் நான் மறையவே இல்லை என்று பிறகு விளக்குக் கடைக்காரம்மா சொன்னார்.

இரண்டு சந்து தள்ளி இருந்துகொண்டு இவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்று தாங்கள் கேட்கலாம். என்னைத் தங்களுக்குத் தெரியும். நூலகத்தில் இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருகிறவள் நான். சந்தையில் நான் தங்களிடம் ஒரு வார்த்தை பேசினால், அது பூசி மலையடியில் தொடங்கி ஆற்றங்கரை வரை போய், வழியில் நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டு எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் எழுத்து. எழுத்தில் என்றால் என் காது சிவப்பதைத் தாங்கள் பார்க்க முடியாது.

எல்லாம் ஒரு சில்லறைப் பையில் ஆரம்பித்தது. அன்றைக்கும் வழக்கம்போல நூலகத்திலிருந்து வரும் வழியில் இரவுச் சந்தையில் தங்கள் கடைக் கூடாரத்தின் கம்பத்தைப் பிடித்தேன். தாங்கள் கயிற்றைக் கட்டி முடித்தீர்கள். நான் கிளம்பினேன். பக்கத்துக் கடை புவாலி அக்கா என் பையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ மாலி! மழை ஆரம்பிச்சதுலேர்ந்து போணியே இல்லடி. உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரு சின்னப் பொருளாவது எடுத்துட்டுப் போ."

"எனக்கு எதுவும் வேணாமேக்கா."

"யாருக்குடி இங்க வேணும்? வெள்ளைக்காரங்க மட்டும் வேணும்னா வாங்கறாங்க? காசக் குடு, பைய எடு, ஓடு."

வேண்டாம் என்று ஒருவரிடம் இரண்டாவது முறை சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்ததே இல்லை. கொடுத்தேன், எடுத்தேன், ஆனால் ஓடவில்லை, அதுதான் தப்பு. அவர் நான் கொடுத்த நோட்டால் கடையிலிருந்த ஒவ்வொரு பொருளையும் தட்டித் தட்டி, "வித்துப் போ, வித்துப் போ, பெரியவளே நீயும் போ, சின்னவளே நீயும் போ" என்று பெண் பிள்ளைகளைப் புகுந்த வீட்டுக்கு விரட்டுவதுபோல விரட்டிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்து நின்றேன். அப்போது தூறல் பிடித்தது. ஒரு பேருந்து நிறையப் பிரெஞ்சுக்காரர்கள் ஒதுங்க இடம் தேடி ஓடிவந்து அவருடைய கூடாரத்துக்குள் புகுந்தார்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு எதையாவது வாங்கினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கினார்கள். கடைசியாக வந்த கிழவர் வாங்க ஒன்றுமில்லாமல் புவாலி அக்கா உட்கார்ந்திருந்த திண்டை விலை கேட்டார். அக்கா எழுந்து தூசு தட்டி அதையும் கொடுத்தார். வெறும் தார்ப்பாயின் நடுவில் நின்றுகொண்டு, "மாலி கை! மாலி கை!" என்று அவர் கத்திய கத்தலில் எதிரே கோயில் படியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

மறுநாள் நான் தெருவுக்குள் கால் வைத்ததும், "கைராசிக்காரி வந்துட்டாடி, விளக்கப் போடுங்க!" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு நாள் செருப்பு, ஒரு நாள் காகித விளக்கு, ஒரு நாள் தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி, ஒரு நாள் யானை போட்ட கால்சட்டை. இந்த ஊரில் பிறந்தவர் யாரும் யானை போட்ட கால்சட்டை வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "இது என்ன வீடாடி, கடையாடி? இத யாரு போட்டுப்பா? உங்கப்பாவா?" அப்பா அதை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். ஒரு வெளிநாட்டுப் பெண் அவரைப் படம் எடுத்தாளாம். அன்று முதல் வேறு எதையும் போடமாட்டேன் என்கிறார். இந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் சித்தி. நான் படித்த எந்தப் புத்தகமும் ஒரு கைக்கு ராசி உண்டு என்று சொல்லவில்லை. வாங்கிய சில நாட்களில் விற்றது, சில நாட்களில் விற்கவில்லை. விற்காத நாளை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், நூலகத்திலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்தேன். கிளம்புமுன் தலை வாரிக்கொண்டேன். சுவரோரமாக நடந்தவள் நடுத்தெருவில் நடந்தேன். நம்பாத ஒன்றுக்காகக் கிடைத்த மரியாதையை இப்படி வெட்கமில்லாமல் அனுபவித்தவளை நான் ஒரு கதையில் படித்திருந்தால் அந்தப் புத்தகத்தை அப்போதே மூடி வைத்திருப்பேன்.

தாங்களும் முதலில் பெருமைப்பட்டீர்கள். "என் அக்கா மக! என் கையால தின்னு வளந்த கை அது!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னீர்கள். அப்போது யாரோ, "அப்போ உன் கடைக்கு மட்டும் ஏன் போணி பண்ண மாட்டேங்கறா?" என்று கேட்டுவிட்டார்கள். "சொந்தக்காரக் காசு போணி ஆகாதுடி, வலது பைலேர்ந்து எடுத்து இடது பைல போடற மாதிரி" என்று தாங்களே விளக்கம் சொன்னீர்கள். விளக்கம் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு ஊரில் இருக்கிற எல்லோருக்கும் என் கை, சொந்தச் சித்திக்கு மட்டும் கம்பம் பிடிக்கிற கை என்றாகிவிட்டது. புவாலி அக்கா கடையில் கூட்டம். தங்கள் கடையில் ஈ. ஒரு நாள் நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தாங்கள் என்னைப் பார்க்காமல் அந்தக் கம்பத்திடம் சொன்னீர்கள்: "நீயாவது நேரா நில்லுப்பா. சில பேரு பக்கத்துக் கடைப் பக்கமே சாயறாங்க."

அந்த இரவு நான் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் யோசித்ததுதான் வினை. சொந்தக்காரக் காசு போணி ஆகாது என்றால், என் காசை ஒரு அன்னியர் கையில் கொடுத்து அனுப்பினால்? படித்தவளின் மூளை பாருங்கள். எப்போதோ நூலகத்துக்கு வழி கேட்டு வந்த ஆஸ்திரேலியக்காரி ஒருவர் எனக்குப் பழக்கம், ஜூடித் என்று பெயர், ஆறடி உயரம், நல்ல மனசு. நான் ஆங்கிலம் படித்தது முழுக்கப் பழைய நாவல்களில் என்பதால், "தாங்கள் பெரிய உள்ளத்தோடு எனக்கொரு உபகாரம் செய்யலாகுமா?" என்கிற தோரணையில்தான் என்னால் கேட்க முடிந்தது. ஏதோ ராஜாங்கக் காரியம் என்று நினைத்துக்கொண்டு அவர் நெஞ்சை நிமிர்த்தினார். மூலையில் மஞ்சள் கறை படிந்த ஒரு நோட்டைக் கொடுத்து, தங்கள் கடையைக் காட்டி, அங்கே முதல் ஆளாகப் போய் உங்களுக்குப் பிடித்தது எதையாவது வாங்குங்கள், கடைக்காரர் என் உறவு, நான் அனுப்பியதாகச் சொல்லக் கூடாது என்றேன். பிடித்தது என்று சொன்னேனே! சில்லறைப் பை என்று சொல்லியிருக்கலாம், மரமணி என்று சொல்லியிருக்கலாம்.

நான் பழச்சாறு வண்டியின் பின்னால் நின்றேன். அவர் நேராகப் போனார். சால்வைகளைத் தாண்டினார், மணிகளைத் தாண்டினார், பின்னால் கொக்கியில் தொங்கிய தோள்துணியைத் தொட்டார். தங்கள் கையால் நெய்த, கருஞ்சிவப்புப் பட்டில் தங்க நாகம் ஓடுகிற அந்தத் துணியை. விற்பதற்கல்ல, ஆள் இழுப்பதற்காக மட்டும் தாங்கள் மாட்டி வைத்திருப்பதும், யாராவது கேட்டால் ஒரு மோட்டார் சைக்கிள் விலை சொல்லித் துரத்திவிடுவதும் சந்தையில் யாருக்குத்தான் தெரியாது? தாங்கள் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிள் விலையைச் சொன்னீர்கள். ஜூடித் மாரடைப்பு வந்ததுபோல நெஞ்சில் கை வைத்தார். பேரம் பேசாவிட்டால் நம்மவர்கள் மனம் புண்படும் என்று அவருடைய பயணப் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். நான் கொடுத்த நோட்டை உயர்த்திக் காட்டி, "என்கிட்ட இருக்கறதே இவ்வளவுதான்" என்றார். அது உண்மைதான். நான் கொடுத்ததே அவ்வளவுதான்.

"இது எடுங்க மேடம், இதுவும் அழகு, சேம் சேம்" என்று தாங்கள் சால்வைகளை விரித்தீர்கள்.

"வேணாம். அதுதான் வேணும்."

பிறகு அவர் திரும்பி நடந்தார். நடந்தால் கூப்பிடுவார்கள் என்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதாம். அதை எழுதியவரை நான் ஒரு நாள் சந்திக்க வேண்டும். போணிக்குக் கை வைத்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுக்கவேண்டியதுதான் என்று எனக்குச் சொன்னவரே தாங்கள்தானே. வரிசையில் எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புவாலி அக்கா எழுந்தே நின்றுவிட்டார். தங்கள் வாய் திறந்தது. "வாய்தான்கா ஓகே சொல்லிச்சு, நான் சொல்லல" என்று பிறகு அம்மாவிடம் அழுதீர்களாமே. இரண்டு பேர் நூடுல்ஸ் சாப்பிடுகிற காசுக்கு அந்தத் துணி இறங்கியது. தாங்கள் நோட்டை வாங்கிப் பொருட்களைத் தட்டிய விதத்தைப் பார்த்தேன். சாவு வீட்டில் மாரடிப்பதுபோல இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் எப்படியாவது வாழ்ந்திருப்பேன். ஜூடித் துணியைக் கொடிபோல உயர்த்திப் பிடித்துக்கொண்டு நேராகப் பழச்சாறு வண்டிக்கு வந்து, "இது உனக்குத்தான்! பாவம், உன் சொந்தக்காரங்க எவ்வளவு நல்லவங்க, சும்மா மாதிரி குடுத்துட்டாங்க!" என்று என் கழுத்தில் போட்டுக் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலாக நான் தங்களைப் பார்த்தேன். தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். உடனே வானம் பிளந்து மழை கொட்டியது. ஒரு கடை விடாமல் கட்டினார்கள். அன்று இரவு தங்கள் கடையில் விற்ற ஒரே பொருள் அதுதான். போதாததற்கு அது சொந்தக்காரக் காசு. ஆகவே போணியும் இல்லை. போணியே ஆகாத ஒரு போணிக்காகத் தாங்கள் அந்தத் துணியை இழந்தீர்கள். வெள்ளைக்காரியை ஏவி, பெற்ற பிள்ளைபோல வளர்த்தவளின் துணியை நூடுல்ஸ் விலைக்கு அடித்துக்கொண்டு போனாள் என்று தாங்கள் நினைத்ததில் என்ன தப்பு? பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எனக்கே அப்படித்தான் இருந்தது.

மறுநாள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். "சித்தி" என்றேன். தாங்கள் நிமிர்ந்தீர்கள். முகம் மலர்ந்தது. "ஹலோ மேடம்! வெல்கம்! குட் பிரைஸ்!" என்றீர்கள்.

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை, புவாலி அக்காகூட. திட்டியிருக்கலாம் சித்தி. துடைப்பத்தால் அடித்திருக்கலாம். இருபத்து நான்கு வருஷமாக "ஏய்", "இவளே", "கழுத" என்று கூப்பிட்ட வாயால் மேடம் என்றீர்களே. நான் துணியை நீட்டினேன். "வித்த பொருளத் திருப்பி வாங்கற பழக்கம் இல்ல மேடம்" என்று ஈக்களை விரட்டப் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து தாங்கள் எங்கள் வீட்டுக்கு மிளகாய் விழுது அனுப்புவதில்லை. ஆற்றுப்பாசி அப்பளமும் நின்றுவிட்டது. அப்பா யானைக் கால்சட்டையோடு வெறும் சோற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலை பிக்குகளுக்குச் சோறிட வரிசையில் உட்காரும்போது பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். நடுவில் விழுந்த இடத்தில் ஒரு நாய் வந்து உட்கார்ந்தது. அதற்குக்கூட ஒரு உருண்டை போட்டீர்கள். கம்பத்தைப் பிடிக்க ஆளில்லாமல் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் செங்கல்லைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதற்குக் கீழே ஒரு மனுஷி இறங்க முடியுமா என்று தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எனக்கு வழியனுப்பி நூல் கட்டும் சடங்கு. அடுத்த வாரம் நான் தலைநகரத்து நூலகத்தில் வேலைக்குச் சேரப் போகிறேன். தாங்கள் வந்து என் மணிக்கட்டில் நூல் கட்டாமல் நான் எப்படிப் படகுத்துறைப் பக்கம் திரும்புவது? அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "அவ வராம நான் நூலத் தொட மாட்டேன். மூட்டையத் தூக்கிட்டு அப்படியே கிளம்பு, ஊர் பேரு தெரியாதவ மாதிரி." சடங்குக்குத் தோளில் போட வேறு துணியும் என்னிடம் இல்லை. இருக்கிற ஒரே துணி தங்களுடையது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நெருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஆகையால் துணியை இத்துடன் சேர்த்துத் தங்கள் காலடியில் வைக்கிறேன். காசு வேண்டாம், பதில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரே ஒரு முடிச்சுப் போட்டால் போதும், பேசக்கூட வேண்டாம், மேடம் என்று மட்டும் கூப்பிடாதீர்கள். இனி இந்தச் சந்தையில் ஒரு பொத்தான்கூட வாங்கமாட்டேன், புவாலி அக்கா கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், தங்கள் விவகாரத்தில் என் மூளையை நுழைக்கவும் மாட்டேன் என்று மூன்று கோயில் திசையிலும் திரும்பிச் சத்தியம் செய்கிறேன்.

தங்கள் கூடாரத்தில் மழை ஒழுகாமலும், நோட்டு ஓயாமலும், வருகிறவர்களெல்லாம் பயணப் புத்தகம் படிக்காதவர்களாகவும் இருக்க ஊர்க்காவல் நாகங்கள் காக்கட்டும். சித்தப்பாவின் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

தங்கள் காலடித் தூசுக்கும் வெட்கப்படும்,
சந்தமாலி

பின்குறிப்பு: இதை ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தேன். அப்போது தாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. செங்கல் மட்டும் இருந்தது. எனக்குத் தைரியம் போய்விட்டது. புவாலி அக்காவிடம் துணியைக் கொடுத்து, "சித்திகிட்ட குடுத்துடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை, அவர் எதைப் படித்தாலும் உரக்கப் படிப்பார். தெருக்கோடியில் வெகுநேரம் நின்ற பிறகுதான், இதுவும் ஒரு ஆளைவிட்டு அனுப்பும் வேலைதானே, போன தடவை அனுப்பியது போதாதா என்று உறைத்தது. திரும்பி ஓடிவந்தேன். துணியைக் காணோம்.

"அக்கா, துணி எங்க?"

"வித்துட்டேன்."

நான் தார்ப்பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யாருக்கு?"

"உங்க சித்திக்குத்தான். என்னடி முழிக்கற? குடுத்தா வாங்குவாளா அவ? வித்த பொருள் திரும்பாதுன்னு சட்டம் பேசறவ. அதான் கொக்கில மாட்டி வெச்சேன். வந்தா, பாத்தா, எவ்வளவுன்னா. நானும் அவ சொல்ற மோட்டார் சைக்கிள் வெலையே சொன்னேன். நெஞ்சுல கை வெச்சா பாரு, அந்த நெட்டச்சிகூட அப்படி வெச்சிருக்க மாட்டா! அப்புறம் மெதுவா, 'ஏண்டி புவாலி, இன்னிக்குப் போணி ஆச்சா'ன்னா."

"ஆச்சாக்கா?"

"ஆகல. பாவி, திரும்பி நடந்துட்டா!"

"என்ன வெலைக்குக் குடுத்தீங்க?"

"ரெண்டு நூடுல்ஸ். அதே நோட்டுதான்னு நெனைக்கறேன், மூலையில மஞ்சக் கறை இருந்துச்சு. கேக்காத, தரமாட்டேன், அது என் போணி."

அப்போதே அவர் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். "பெங்தா கை! பெங்தா கை!" என்று அவர் தொண்டையைத் திறந்தார். கைராசி குடும்பத்தைவிட்டுப் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது சித்தி. நாளைக்குள் தங்கள் வீட்டிலும் யானைக் கால்சட்டை வந்துவிடும். சித்தப்பாவைத் தயார்ப்படுத்துங்கள்.

நான் எழுந்து, காகித விளக்குப் பக்கமாகப் போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் தாங்கள் கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினீர்கள். தோளில் அந்தத் துணி இருந்தது.

"ஏய் கழுத! மசமசன்னு நிக்காத. அந்தச் செங்கல்லத் தூக்கிப் போட்டுட்டுக் கம்பத்தப் பிடி. ஞாயித்துக்கெழம நான்தான் இதப் போட்டுவிடுவேன், நீயாப் போட்டா மடிப்புக் கோணும்."

பிடித்தேன். தாங்கள் கயிற்றைக் கட்டும்போது, "கைல என்னடி காகிதம்?" என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். இதுதான் அது. மேலே எழுதியதெல்லாம் இனித் தேவையில்லை, சத்தியம் உட்பட. தார்ப்பாயில் உட்கார்ந்திருந்ததற்காகப் புவாலி அக்கா என் தலையில் ஒரு கரண்டியைக் கட்டிவிட்டார். இந்தக் கடிதத்தை நாளை தங்கள் கடையில் மரமணிகளைச் சுற்ற வைத்திருக்கும் பழைய காகிதக் கட்டின் நடுவில் செருகிவிடப் போகிறேன். கண்ணில் பட்டால் படியுங்கள். படாமல் மணியைச் சுற்றி ஜூடித்துக்கே விற்றுவிட்டாலும் நல்லதுதான். அவருக்கு நம் எழுத்துத் தெரியாது.